பிரெக்கன் ஊர்க்காரர்களும் நேட்டால் தமிழர்களும்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாநிலத்தில் வளர்ந்தவர்களுக்கு, வேல்ஸ் நாட்டில் உள்ள பிரெக்கன் என்ற ஊரின் பெயர் பெரும்பாலும் ஒரு போர்க்களத்தின் வழியாகவே அறிமுகமாகிறது. டண்டி நகரிலிருந்து இசண்ட்ல்வானா மலையைப் பார்க்கப் போகும் வெளிநாட்டுப் பயணிகளில் வேல்ஸ் நாட்டவர் எப்போதும் சிலர் இருப்பார்கள். அவர்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் பிரிட்டிஷ் படையின் 24ஆம் ரெஜிமெண்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அந்த ரெஜிமெண்டின் தாயகம் என்று பிரெக்கனின் பெயரைச் சொல்லாமல் விடமாட்டார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பிறந்து வளர்ந்த எனக்கும் அந்த ஊரைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்திருந்தது. என் மகள் கார்டிஃபில் செவிலியர் வேலையில் சேர்ந்த பிறகு, அவளைப் பார்க்கப் போன இடத்தில், வடக்கே மலைகளைத் தாண்டிப் பிரெக்கனுக்கும் போய்வர வாய்த்தது. நான் அங்கே தேடிப் போனது அந்தப் போர்வீரர்களைத்தான். ஆனால் ஊரைச் சுற்றிப் பார்த்து, திரும்பி வந்து அதன் மனிதர்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, கப்பலேற்றி இங்கே கொண்டுவரப்பட்ட கரும்புத் தோட்டத் தொழிலாளரின் வழிவந்த நமக்கு எல்லாரையும் விட நெருங்கியவர் அந்த ஊரின் மருந்துக்கடைக்காரர் ஒருவருடைய மகன்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவரைப் பற்றி விரிவாகவும் மற்றவர்களைப் பற்றி வேண்டிய அளவிலும் இங்கே எழுதுகிறேன்.

ஏறத்தாழ 8,000 பேர் வாழும் சிறிய சந்தை ஊர் அது. அஸ்க் ஆற்றோடு ஹோன்தி ஆறு வந்து சேரும் இடத்தில், 886 மீட்டர் உயரமுள்ள பென்-இ-வான் சிகரத்துக்கு வடக்கே, ஆட்டுப் பண்ணைகள் சூழ அமைந்திருக்கிறது. ஊர் நடுவே வெலிங்டன் பிரபுவின் சிலை நிற்கிறது. அதை வடித்த ஜான் எவன் தாமஸ் 1810இல் அந்த ஊரிலேயே பிறந்த சிற்பி. மேட்டின்மேல் உள்ள பழைய மடத்துத் தேவாலயம் 1923 முதல் பேராலயமாக இருந்து வருகிறது. அதற்குள் 30 குழிகள் குடைந்த ஒரு கல்லை வைத்திருக்கிறார்கள். குழிகளில் எண்ணெய் ஊற்றித் திரியிட்டு எரிப்பார்களாம். நம் வீட்டுப் பணியாரக் கல்லைப் பத்து மடங்கு பெரிதாக்கி வைத்தாற்போல் இருந்தது. மனிதர்களைப் பற்றி எழுத வந்த இடத்தில் கல்லுக்கு என்ன வேலை என்று கேட்கலாம்; அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அதுதான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

முதலில் படைவீரர்களின் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். 1879 ஜனவரி 22 அன்று இசண்ட்ல்வானா மலையடிவாரத்தில் கூடாரம் அடித்திருந்த பிரிட்டிஷ் படையை ஏறத்தாழ 20,000 ஜூலு வீரர்கள் சூழ்ந்து அழித்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் மாண்டவர்கள் 1,300க்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் 24ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள், கணிசமானோர் அந்தப் படைக்குத் துணையாகச் சேர்க்கப்பட்ட நேட்டால் ஆப்பிரிக்கர்கள். அன்று மாலையும் இரவும் ரோர்க்ஸ் டிரிஃப்ட் மிஷன் நிலையத்தில் ஏறத்தாழ 150 பேர் ஜூலு படையின் இன்னொரு பகுதியைத் தடுத்து நின்றார்கள். அதற்காக 11 பேருக்குப் பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. இவ்வளவையும் பிரெக்கனின் பெருமையாகச் சொல்வது வழக்கம். ஆனால் அந்த ரெஜிமெண்டின் அன்றைய பெயர் இரண்டாம் வார்விக்ஷயர் என்பதுதான். 1873 முதல் அதன் கிடங்கும் ஆள்சேர்ப்பு நிலையமும் பிரெக்கனில் இருந்தன; தெற்கு வேல்ஸின் பெயரை அது ஏற்றது போருக்குப் பிறகு, 1881இல். அன்று போரிட்டவர்களில் வேல்ஸ்காரர்கள் சிறுபான்மையினரே. ரெஜிமெண்டின் கொடியைக் காப்பாற்ற முயன்று எருமை ஆற்றின் நேட்டால் கரையில் வெட்டுண்டு இறந்த மெல்வில், காக்ஹில் ஆகிய இரண்டு லெப்டினென்டுகளும்கூட வேல்ஸ்காரர்கள் அல்லர்.

ஆற்றோடு போன அந்தக் கொடி 1879 பிப்ரவரி 4 அன்று தண்ணீருக்குள்ளிருந்து மீட்கப்பட்டது. இங்கிலாந்துக்குப் போனதும் விக்டோரியா அரசி அதன்மேல் உலர்மலர் வளையம் ஒன்றைச் சூட்டினார். இன்று அது பிரெக்கன் பேராலயத்துக்குள் ஹாவர்ட் சிற்றாலயத்தில் இருக்கிறது. அதை நெருங்கிப் பார்த்தேன். துணி என்று சொல்லத்தக்க அளவுக்கு அதிகம் மிஞ்சவில்லை. நிறம் வெளுத்து, இழைகளாக நிற்கிறது. நம் மாநிலத்து ஆற்று நீரில் ஊறிய துணி அங்கே போய்ப் புனிதப் பொருளாகிவிட்டது. இசண்ட்ல்வானாவில் வெள்ளையடித்த கற்குவியல்கள் சிப்பாய்களின் புதைகுழிகளைக் காட்டுகின்றன. ஜூலு வீரர்களுக்கோ 1999 வரை அங்கே ஒரு நினைவுச் சின்னமும் இல்லை. அந்த ஆண்டில்தான், வீரத்துக்காக அணிவிக்கப்படும் கழுத்துமாலையின் வடிவில், பெரிய வெண்கலச் சின்னம் ஒன்று எழுப்பப்பட்டது. பிரெக்கனில் பழைய படைமுகாம் கட்டடத்தில் உள்ள ரெஜிமெண்ட் அருங்காட்சியகத்துக்குத்தான் கூட்டம் போகிறது. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அங்கே நினைவுகூரப்படுபவர்களில் பலர் பிரெக்கனைத் தம் ரெஜிமெண்டின் முகவரியாக மட்டுமே அறிந்தவர்கள்.

ஊரில் உண்மையாகவே வாழ்ந்தவர்களில் நம்மை உறுத்தக்கூடியவர் ஒருவர் இருக்கிறார். தாமஸ் ஃபிலிப்ஸ் என்ற கப்பல் தலைவர் 1693இல் ஹானிபல் என்ற கப்பலை ஓட்டிக்கொண்டு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனிக்காக விடா துறைமுகத்தில் 700 அடிமைகளை வாங்கி ஏற்றினார். பார்பேடோஸ் தீவில் உயிரோடு இறக்கியது 372 பேரை. இந்தக் கணக்கை அவரே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அது அவருக்குப் பின் 1732இல் அச்சேறியது. வாங்கியவர்களின் மார்பிலோ தோளிலோ சிறிது பனையெண்ணெய் தடவி, கப்பலின் பெயரெழுத்தைக் காய்ச்சிய இரும்பால் பதித்ததையும், நாலைந்து நாளில் அந்தப் புண் ஆறிவிடும் என்பதையும், ஏறத்தாழ பன்னிரண்டு பேர் வேண்டுமென்றே கடலில் குதித்து மூழ்கியதையும், சரக்குப் பட்டியல் எழுதும் அதே நிதானத்தோடு எழுதுகிறார். அதே நாட்குறிப்பில், தோலின் நிறத்துக்காக இந்த மக்களை ஏன் இழிவாக எண்ண வேண்டும், அது அவர்களால் மாற்றக்கூடியதா என்றும் கேட்கிறார். மற்றவர்களை அச்சுறுத்துவதற்காகச் சிலருடைய கைகால்களை வெட்டலாம் என்று கூட இருந்தவர்கள் சொன்னபோது அதற்கு இணங்க மறுத்திருக்கிறார். இப்படிப்பட்ட ஒருவரை வெறும் அரக்கன் என்று ஒதுக்கிவிட முடியாது. நல்லது எது என்று தெரிந்தும் தொழிலை விடாதவர் என்பதே என் கணிப்பு, அது இன்னும் மோசமானது.

அந்தப் பயணத்தில் செவிப்புலனை இழந்த அவர், ஊர் திரும்பிப் பிரெக்கனிலேயே மிச்ச நாளைக் கழித்தார். 2010இல் அஸ்க் ஆற்றோர நடைபாதையில் அவர் பெயருக்கு ஒரு பலகை வைத்தார்கள். அடிமை வணிகருக்கு நினைவுப் பலகையா என்று அப்போதே எதிர்ப்பு எழுந்தது. 2020 ஜூனில், உலகெங்கும் நிறவெறிக்கு எதிரான போராட்டங்கள் நடந்த நாள்களில், அந்தப் பலகை இருந்த இடத்திலிருந்து காணாமல் போயிற்று. 1860இல் நம் முன்னோரை நேட்டாலுக்குக் கொண்டுவந்த முதல் கப்பலான ட்ரூரோவின் பயணிப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டு இறக்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில், ஹானிபல் கப்பலின் கணக்கைப் படிப்பது எனக்கு எளிதாக இல்லை. நம் முன்னோர் அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் அல்லர். கூலியும் காலவரம்பும் எழுதிய ஒப்பந்தம் அவர்களுக்கு இருந்தது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதை நான் ஏற்பதில்லை. ஆனால் ஆட்களைக் கப்பலில் ஏற்றிக் கணக்கெழுதும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அந்த நாட்குறிப்பு காட்டிவிடுகிறது.

இனி அந்த மருந்துக்கடைக்காரரின் மகன். தாமஸ் கோக் 1747இல் பிரெக்கனில் பிறந்தார். தந்தை பார்த்தலோமியு கோக் ஊரில் செல்வாக்குள்ளவர். மகன் ஆக்ஸ்ஃபோர்டில் ஜீசஸ் கல்லூரியில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, இருபதுகளிலேயே ஊர் மன்றத்தின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். பிறகு குருப்பட்டம் பெற்று, சாமர்செட் வட்டாரத்தில் சவுத் பெதர்ட்டன் என்ற ஊரில் உதவிக் குருவாகப் போனார். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் போதனையில் ஈடுபட்டு அவர் பிரசங்கம் செய்த விதம் ஊராருக்குப் பிடிக்கவில்லை. 1777இல் அவரை வெளியேற்றியபோது தேவாலய மணியை அடித்துக் கொண்டாடினார்கள்; சில ஆண்டுகள் கழித்து அவர் மறுபடி அந்த ஊருக்கு வந்தபோது, முன்பு அடித்துத் துரத்திய அதே மணியை அடித்து வரவேற்றார்கள். குட்டையான, பருத்த உருவம். ஓரிடத்தில் நிலைகொள்ளாத சுபாவம். வெஸ்லி 1784இல் இவரைக் கண்காணிப்பாளராக நியமித்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். அன்று தொடங்கி அட்லாண்டிக் கடலைப் 18 முறை கடந்தார் என்பது அவரைப் பற்றித் தவறாமல் சொல்லப்படும் செய்தி.

1785இல் வர்ஜீனியாவில் ஒரு தானியக் களஞ்சியத்தில் நின்று அடிமை முறைக்கு எதிராக அவர் பிரசங்கம் செய்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். கோபத்தோடு வெளியே போய்த் தடிகளோடு காத்திருந்தார்கள். அந்தக் குட்டை டாக்டருக்கு நூறு கசையடி கொடுப்பவர்களுக்கு 50 பவுன் தருகிறேன் என்று ஒரு சீமாட்டி அந்தக் கும்பலுக்கு ஏலம் கூறியதை அவரே தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். உள்ளூர் நீதிபதி ஒருவர் குறுக்கிட்டதால் அடி விழவில்லை. அடுத்த மாதமே, அமெரிக்க மெதடிஸ்தத் தலைவர் பிரான்சிஸ் ஆஸ்பரியுடன் ஜார்ஜ் வாஷிங்டனின் வீட்டுக்குப் போய், அடிமைகளை விடுவிக்கக் கோரும் மனுவில் கையெழுத்துக் கேட்டார். கருத்தை ஆதரிப்பதாகச் சொன்ன வாஷிங்டன் கையெழுத்துப் போடவில்லை. 1786இல் நோவா ஸ்கோஷியாவுக்குப் புறப்பட்ட கப்பலைப் புயல் அடித்துக்கொண்டு போய்க் கிறிஸ்துமஸ் அன்று ஆன்டிகுவா தீவில் சேர்த்தது. அங்கே அடிமைகளே பெரும்பான்மையாக இருந்த சபையைக் கண்ட பிறகு, மேற்கிந்தியத் தீவுகளே சில காலம் அவருடைய முழு வேலையாயின.

ஆனால் அவருடைய நெடுநாள் ஆசை கீழ்த்திசை. 1784லேயே இந்தியாவுக்கு ஊழியர்களை அனுப்புவது பற்றி எழுதிக்கொண்டிருந்தவர், 1813இல் தம் 66ஆம் வயதில், தாமே புறப்படுவதென்று முடிவு செய்தார். ஐரோப்பாவுக்கு நான் செத்தவன், இந்தியாவுக்கே உயிரோடிருப்பவன் என்று நண்பருக்கு எழுதினார். இலங்கைக்குப் போகாமல் இருப்பதை விட, உடுக்கத் துணியில்லாமல், ஒரு நண்பனும் இல்லாமல் அந்தக் கரையில் விடப்படுவதே மேல் என்றும் எழுதினார். லிவர்பூலில் கூடிய மெதடிஸ்த மாநாடு முதலில் தயங்கியது. செலவுக்குத் தம் சொந்தப் பணத்திலிருந்து 6,000 பவுன் வரை தருகிறேன் என்று அவர் சொன்ன பிறகு இசைந்தது. இளைஞர்கள் சிலரை அழைத்துக்கொண்டு 1813 டிசம்பர் 30 அன்று போர்ட்ஸ்மத்திலிருந்து கப்பலேறினார். வழியெல்லாம் போர்த்துகீசிய மொழி படித்தார், இலங்கையில் அது பயன்படும் என்று.

1814 மே 3 அன்று காலை, வழக்கம்போல் எழுப்ப வந்த பணியாள் கதவைத் தட்டினான், பதில் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தபோது அவர் தரையில் உயிரின்றிக் கிடந்தார். உடலைப் பிரெக்கனுக்கு அனுப்ப முடியுமா என்று இளைஞர்கள் யோசித்தார்கள், வழியில்லை. அன்று மாலையே இந்தியப் பெருங்கடலில் அடக்கம் செய்தார்கள். அவருடைய பெயரிலேயே பண ஏற்பாடு முழுவதும் இருந்ததால், பம்பாயில் இறங்கிய இளைஞர்களின் கையில் காசில்லை. அங்கிருந்த வணிகர் ஒருவர் கடன் கொடுத்து உதவியதால்தான் மேலே பயணம் நடந்தது. ஜூன் மாத இறுதியில் காலித் துறைமுகத்தில் கரையேறினார்கள்.

அங்கிருந்து நடந்தது தமிழர்களின் கதை. ஜேம்ஸ் லிஞ்சும் தாமஸ் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணத்துக்குப் போனார்கள். வில்லியம் ஆல்ட் மட்டக்களப்புக்குப் போனார். ஆல்ட் ஓராண்டுகூட உயிரோடு இல்லை. 1815 ஏப்ரலில் இறந்துவிட்டார். அதற்குள் பள்ளிகளைத் தொடங்கியிருந்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் 1814ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் வேம்படி மகளிர் கல்லூரியும் அதே வெஸ்லியன் ஊழியத்தில் கிளைத்தவை. அந்த யாழ்ப்பாணப் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர்தான் நல்லூர் ஆறுமுக நாவலர். 1848இல் அங்கிருந்து விலகிய அவர், பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், வாரந்தோறும் பிரசங்கம் என்று மிஷனரிகளின் கருவிகளையே கையிலெடுத்து, அவர்களுக்கு எதிராகச் சைவத்தை நிறுத்தினார். ஆகவே கோக் கண்ட கனவின் பலன்களில், அவர் சிறிதும் விரும்பியிருக்க முடியாத சைவ மறுமலர்ச்சியையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். சைவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இதில் ஒரு குறும்பான மகிழ்ச்சி உண்டு என்பதை மறைக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவும் கோக்கின் திட்டத்தில் இருந்தது. அவர் திரட்டியவர்களில் ஜான் மெக்கென்னி என்பவர் நன்னம்பிக்கை முனைக்கென்று ஒதுக்கப்பட்டவர். 1814இல் கேப் டவுனுக்கு வந்துசேர்ந்தார்; ஆளுநர் சார்ல்ஸ் சாமர்செட் பிரபு அவருக்குப் பிரசங்கம் செய்ய அனுமதி தரவில்லை. காத்திருந்து சலித்து, கடைசியில் அவரும் இலங்கைக்கே போய்விட்டார். ஆனால் அரை நூற்றாண்டு கழித்து இலங்கை இங்கே திரும்பி வந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ டர்பன் வந்தது நாம் எல்லாரும் அறிந்ததே. 1911 வரை அப்படி வந்தவர்கள் 1,52,184 பேர், அவர்களில் பெரும்பான்மையினர் சென்னைத் துறைமுகத்தின் வழியாக வந்தவர்கள். தோட்டத்துரைகளுக்குத் தமிழும் தெலுங்கும் தெரியாது; தொழிலாளருக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த நிலையில் வெஸ்லியன் சபை நேட்டாலுக்குத் தேடிப்பிடித்து அனுப்பியவர் ரால்ஃப் ஸ்டாட். மட்டக்களப்பில் நெடுங்காலம் ஊழியம் செய்து அங்கேயே தமிழ் கற்றவர். 1862இல் டர்பனுக்கு வந்து, கரையோரத் தோட்டங்களில் ஒவ்வொரு குடியிருப்பாகப் போய்த் தமிழில் பேசினார். இந்தியக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். அவருக்குப் பின் அவருடைய மகன் அந்த வேலையைத் தொடர்ந்தார்.

மதம் மாறியவர்களின் தொகையை வைத்துப் பார்த்தால் ஸ்டாட்டின் வேலை பெரிய வெற்றி இல்லை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதையும், முருகனுக்குக் காவடி எடுப்பதையும் நம்மவர்கள் விடவில்லை. விடுமுறை கிடைத்த நாள் என்பதால் பெரிய வெள்ளியன்றே தீமிதி வைத்துக்கொண்டு, அதை இன்றுவரை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நடத்துகிறோம். ஆனால் துரையின் பங்களாவிலிருந்து வரும் கட்டளை தவிர வேறு எதையும் வெள்ளைக்காரரின் வாயிலிருந்து கேட்டறியாத மக்களிடம், முதியவரான ஒரு வெள்ளைக்காரர் வந்து அமர்ந்து, மட்டக்களப்பு வாடை வீசும் தமிழில் ஊர் எது, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டிருப்பாரே, அதற்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும். என் ஆயா, அதாவது அம்மாவின் அம்மா, தமிழ் எழுத்துக்களை முதலில் எழுதிப் பழகியது ஒரு மெதடிஸ்தப் பள்ளியின் திண்ணையில்தான்; நெற்றியில் திருநீற்றோடு போய், திருநீற்றோடு திரும்பி வந்ததாகச் சொல்வார். பிரெக்கனில் மருந்துக்கடை வைத்திருந்தவரின் மகன் இலங்கைக்கு என்று அடம்பிடித்துக் கப்பலேறாமல் இருந்திருந்தால் மட்டக்களப்பில் ஸ்டாட்டுக்கு ஏது வேலை, அவருக்குத் தமிழ் ஏது என்று யோசித்துப் பார்த்தேன். பேராலயத்துக்கு வருகிறவர்கள் கொடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோக் அந்த ஊர்க்காரர் என்பது மெதடிஸ்தர்களுக்குத் தெரிந்த அளவுக்கு மற்றவர்களுக்குத் தெரிவதில்லை.

ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் நாடக நடிகை சாரா சிடன்ஸ். ஹை ஸ்ட்ரீட்டில் அவர் பிறந்த மதுக்கடை அன்று வேறு பெயரில் இருந்தது. இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1755இல் அவர் அங்கே பிறந்ததற்குக் காரணம், நாடகக் குழு நடத்திய ரோஜர் கெம்பிள் தம்பதியர் அப்போது அந்த ஊரில் முகாமிட்டிருந்தார்கள் என்பதுதான். சீசனுக்குச் சீசன் ஊர் மாறும் நாடகக்காரர்கள். பிள்ளை பிறந்த இடமே பிள்ளையின் ஊர். நேட்டால் கரும்புத் தோட்டங்களில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தை, இங்கே நாம் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொல்லிப் பழகிவிட்ட அந்தக் கூத்தை, ஆடிய குடும்பங்களிலும் இதே கதைதான். சிடன்ஸ் 1775இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் தோற்றுத் திரும்பி, ஆறேழு ஆண்டுகள் வெளியூர்களில் நடித்துத் தேறி, 1782இல் மறுபடி அதே மேடையில் ஏறி நகரத்தையே அழ வைத்தார். சர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1784இல் அவரைத் துன்பியலின் தெய்வமாக வரைந்த ஓவியத்தில், தம் கையெழுத்தை அவருடைய ஆடையின் கரையில் போட்டார். 1812 ஜூன் 29 அன்று மாக்பெத் சீமாட்டியாக அவர் விடைபெற்ற இரவில், தூக்கத்தில் நடக்கும் காட்சி முடிந்ததும் கூட்டம் அதற்கு மேல் நாடகத்தைத் தொடர விடவில்லை. கூத்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தக் கூட்டத்தின் மனம் புரியும்.

அவருடைய தம்பி சார்ல்ஸ் கெம்பிளும் 1775இல் பிரெக்கனில் பிறந்தவர், அவரும் நடிகர். நமக்கு வேண்டியவர் அவருடைய மகள் ஃபேனி. லண்டனில் பிறந்த அவரைப் பிரெக்கன்காரர் என்று சொல்ல முடியாது. 1834இல் அமெரிக்கர் ஒருவரை மணந்து, கணவருக்கு ஜார்ஜியாவில் நெல்லும் பருத்தியும் விளையும் தோட்டங்களும் நூற்றுக்கணக்கான அடிமைகளும் இருக்கின்றன என்ற உண்மையோடு வாழ நேர்ந்தவர் அவர். 1838-39 குளிர்காலத்தில் அங்கே தங்கி, அடிமைப் பெண்கள் பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே வயலுக்கு அனுப்பப்பட்டதை எல்லாம் எழுதி வைத்தார். மணவாழ்க்கை முறிந்து, உள்நாட்டுப் போர் நடந்த 1863இல் அதை வெளியிட்டார். நம் தோட்டங்களில் பெண்கள் பட்டதை அன்றே அருகிலிருந்து எழுதி வைக்க ஒரு ஃபேனி கெம்பிள் இல்லாமல் போனார்.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது ஃபிரான்சஸ் ஹாகனை விட்டுவிட முடியாது. உதவிக் குரு ஒருவரின் மகளாக 1843இல் பிரெக்கனில் பிறந்தவர். பிரிட்டனில் எந்தப் பல்கலைக்கழகமும் பெண்ணுக்கு மருத்துவப் பட்டம் தராத காலத்தில் சூரிக்குக்குப் போய், ஐந்தாண்டுப் படிப்பை மூன்றாண்டில் முடித்து, 1870 மார்ச்சில் எம்.டி. பட்டம் பெற்றார். ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண் அவர். பாரிஸில் படித்த எலிசபெத் கேரட்டை விட மூன்று மாதம் முந்தி. அப்படியும் 1877 வரை பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டில் அவர் பெயர் ஏறவில்லை. கணவர் ஜார்ஜ் ஹாகனோடு சேர்ந்து லண்டனில் மருத்துவம் பார்த்தார். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட மறுத்து இந்தியப் பெண்கள் நோயோடு மடிவதைச் சுட்டிக்காட்டி, அவர்களுக்கென்று பெண் மருத்துவர்களைக் கொண்ட தனி அரசுத் துறையே வேண்டும் என்று 1882இல் எழுதினார். மூன்றாண்டு கழித்து இந்திய வைசிராயின் மனைவி டஃபரின் சீமாட்டியின் பெயரில் நிதி திரட்டப்பட்டது. அரசுத் துறையாக அல்ல, நன்கொடையாக.

இந்த இடத்தில் டர்பனின் டாக்டர் கூனம் நினைவுக்கு வராமல் போகாது. 1906இல் டர்பனில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1936இல் திரும்பி வந்து, இந்நாட்டில் மருத்துவம் பார்த்த முதல் இந்தியப் பெண்ணானவர். 1869இல் சேர்த்துக்கொண்ட ஏழு பெண்களுக்குப் பட்டம் தராமல் விரட்டிய அதே எடின்பரோதான். ஊர் திரும்பியவருக்கு அரசு மருத்துவமனையில் வெள்ளைச் செவிலியர்களுக்கு மேல் வேலை பார்க்க இடமில்லை. சொந்தமாக மருத்துவமனை வைத்து, பிரசவம் பார்த்து, 1946 சத்தியாக்கிரகத்தில் சிறைக்கும் போனார். எங்கள் தெருவில் வயதானவர்கள் சிலர் தங்கள் பிறப்பையே அவர் கைராசி என்று சொல்வார்கள். ஹாகன் கேட்டது இந்தியாவுக்கு. அது கிடைத்ததோ இல்லையோ, அந்தக் கேள்வி எழுந்த தலைமுறையின் போராட்டம் இல்லாமல் கூனத்துக்குக் கல்லூரிக் கதவு திறந்திருக்காது.

இவ்வளவையும் என் தங்கை மகனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, டீப் பர்ப்பிள் ராக் இசைக்குழுவில் பேஸ் கிதார் வாசிக்கும் ரோஜர் குளோவரும் பிரெக்கன்காரர்தானே, அவரை ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டான். உண்மைதான், 1945இல் அங்கே பிறந்தவர். எனக்கு மின்கிதாரைப் பற்றி ஒன்றும் தெரியாததால் அந்தப் பகுதியை எழுதும் பொறுப்பை அவனிடமே விட்டிருக்கிறேன்.